டெமோ அண்ணன் பார்த்துக் கொடுத்த வெல்டிங் மெஷின்

வெல்டிங் மெஷின் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், அப்பா, அம்மா, மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த கடைக்காரர், அப்போது எங்கள் தெருவில் குடியிருந்த டெமோ அண்ணன், அவர் கூவி அழைத்த பாதித் தெரு. இல்லாதவர்: வெல்டிங் தெரிந்த ஒருவர். கும்மிடிப்பூண்டியில் கல்லெறிந்தால் வெல்டர் தலையில்தான் விழும். ஆனாலும் ஒருவரைக்கூட டெமோ அண்ணன் அண்டவிடவில்லை. "வெல்டரு வந்தா எந்த மெஷினும் ஓடும் நைனா. அவன் கையே ஓட்டிடும். மெஷினு யோக்கியத எப்டித் தெரியும்?"

டெமோ பார்க்காமல் இந்த உலகத்தில் அவர் ஏற்றுக்கொண்டது காற்று ஒன்றைத்தான். அதுவும் எங்கள் சிப்காட் ஆலைக் காற்று என்பதால் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு. திருவள்ளூரில் கட்டில் வாங்கப் போனவர் கடையிலேயே படுத்துத் தூங்கி, ஷட்டர் இறக்க எழுப்பியவரிடம், "இது பகல் தூக்கம்ப்பா, ராத்திரி இன்னும் பாக்கலியே" என்றாராம். குக்கர் வாங்கப் போனபோது அரிசியும் பருப்பும் கையோடு கொண்டுபோனார். திருப்பாச்சூர் கோயிலில் அவர் வேண்டிக்கொண்டதை நானே காதால் கேட்டேன்: "மொதல்ல சின்னதா ஒண்ணு குட்த்துக் காட்டு. அப்பாலிக்கா பெருசாக் கேக்குறேன்."

அப்படிப்பட்டவரிடம் வாயைக் கொடுத்தது என் தலையெழுத்து.

எனக்கு இரும்பில் பறவை செய்ய ஆசை. பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளைப் பழைய கம்பியிலும் நட்டிலும் நிற்க வைக்க வேண்டும். விற்க அல்ல, சும்மா, எனக்காக. இந்த "எனக்காக"வை என் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. அப்பா உருக்காலையில் கம்பிக்கட்டு ஏற்றி இறக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "கம்பி தூக்குறது என்னோட போவட்டும்னுதான் உன்ன படிக்க வெச்சேன். நீ இன்னாடான்னா காசு குட்த்து கம்பிய ஊட்டுக்கு இட்டாற" என்றார். அம்மாவின் கண் என் போனஸ் பணத்தில் வரப்போகும் வாஷிங் மெஷின் மேல். ஒரு மாதம் சண்டை போட்டபின் அப்பா இறங்கி வந்தார். "என் கண்ணு முன்னாடி ஒருவாட்டி ஒழுங்கா ஓடணும். ஓடலன்னா சாயங்காலமே வாஷிங் மெஷினு. அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

வீட்டுக்கு எது ஏற்றது என்று மூன்று மாதம் வீடியோ பார்த்து முடிவு செய்திருந்தேன். சாதாரண வீட்டு கரண்டில் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் மெஷின். இரும்பை ஒட்டவைக்கும் மெல்லிய ராடு எரிய அது போதும். நேராகப் போய் வாங்கியிருக்கலாம். டெமோ அண்ணன் விட்டால்தானே. புதுவாயல் கடையில் அதை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். "இது மெஷினா, டிபன் பாக்ஸா?" பிறகு மூலையில் கிடந்த பழைய காப்பர் காயில் மெஷினைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. "இதான் மெஷினு" என்றார். அதைப் போட்டால் எங்கள் வீட்டு மெயினே எரிந்துவிடும் என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டபின்தான் விட்டார்.

கடையிலேயே அவர்கள் வெல்டர் ஒருவர் சின்ன மெஷினை ஓட்டிக் காட்டினார். அழகாக ஓடியது. டெமோ அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "கட கரண்ட்டு வேற, ஊட்டு கரண்ட்டு வேற. ஊட்டாண்ட வந்து ஓட்டிக் காட்டு, டப்பு வாங்கினு போ." தன் வாழ்நாளில் யாரும் கேட்டிராத இந்தக் கோரிக்கையை அந்தக் கடைக்காரர் ஏன் ஒப்புக்கொண்டார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அண்ணன் கடையை விட்டுப் போனால் போதும் என்று நினைத்திருக்கலாம்.

எங்கள் வீடு எட்டுக் குடித்தனம் உள்ள லைன் வீடு. எட்டுக்கும் ஒரே ஒயரில் கரண்ட். ஞாயிறு காலையில் எட்டு வீட்டிலும் மிக்சி, மோட்டார், டிவி. அந்த நேரம் பார்த்து டெமோ. ராடைக் கம்பியில் வைத்தேன். ஒரு பொறி, அத்துடன் ராடு கம்பியில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன், மறுபடி வைத்தேன், மறுபடி ஒட்டியது. வீட்டுக்குள் லைட் மெழுகுவர்த்தி போல மங்கியது.

"அவ்ளோதானா?" என்றார் அப்பா. அம்மாவின் முகத்தில் துணி வெளுக்கத் தொடங்கிவிட்டது.

"இருப்பா, கரண்ட்டு இன்னும் நாஷ்டா துன்னல" என்று சொல்லிவிட்டு டெமோ அண்ணன் நழுவினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடையில் ஓடியதை ஓடியபடி வாங்க விடாமல், வீட்டுக்கு இழுத்துவந்து அப்பா எதிரில் மானத்தை வாங்கிவிட்டு ஆள் கம்பி நீட்டிவிட்டார். கடைக்காரர் ஒயரைச் சுருட்டினார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

அப்போது டெமோ அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "இப்பப் போடு நைனா. எல்லாரும் அந்தாண்ட திரும்பு, கண்ணு பூடும்." வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேரும் வேடிக்கைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நான் போட்டிருந்தது போன்ற இன்னொரு முகக்கண்ணாடியை அப்பா கையில் மட்டும் திணித்தார். ராடை வைத்தேன். வெண்ணெய் போல ஓடியது. கோணல்தான், ஆனால் பற்றிக்கொண்டது. பூநாரையின் ஒரு கால் நின்றது. அப்பா குனிந்து, சூடு ஆறிய காலை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. "சரி, வாங்கிக்க" என்று உள்ளே போனார்.

மாலையில்தான் விஷயம் வெடித்தது. அண்ணன் வீடு வீடாகப் போய், "பத்து நிமிசம் மெயின ஆஃப் பண்ணிக்கோ, லைன்ல வேல" என்று புளுகி, பூட்டியிருந்த கடைசி வீட்டின் மெயினைத் தானே இறக்கியிருக்கிறார். இறக்கியவர் ஏற்ற மறந்துவிட்டார். சர்ச்சுக்குப் போய் அப்படியே அக்கா வீட்டுக்கும் போய்த் திரும்பிய அந்த வீட்டு மேரியக்கா பிரிட்ஜைத் திறந்தபோது, அவர் விற்க வைத்திருந்த இறால் நாறியது. தெருவே மூக்கைப் பிடித்தது.

நான் விடவில்லை. "ஊரையே டெமோ காட்டுனு பேஜார் பண்ணுவீங்க, இப்ப நீங்களே டெமோல ஏமாத்துறீங்களேண்ணா. நம்ம ஊட்டு கரண்ட்ல ஓடுதான்னு பாக்கத்தான அவர வரவெச்சோம்?"

"மெஷினுக்கா டெமோ வெச்சேன்?" என்றார். "உங்கப்பாவுக்குடா. கடையில ஓடுனத அவரு பாத்தாரா?"

இப்போதும் அந்த மெஷின், தெரு தூங்கும் மத்தியான வேளையில் மட்டும்தான் ஒழுங்காக ஓடுகிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அண்ணன் வேறு தெருவுக்குப் போய்விட்டார். அந்த வீட்டிலும் ஒரு ராத்திரி பாய் போட்டுப் படுத்துப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தாராம்.

மெஷின் ஆறாயிரத்து எண்ணூறு, மேரியக்காவின் இறால் எண்ணூறு, ஆக மொத்தம் எங்களுக்கு ஆன செலவு ஏழாயிரத்து அறுநூறு; அதில் இறாலுக்கான எண்ணூறை மட்டும், நான் எவ்வளவு கத்தியும், டெமோ அண்ணன் என்னைக் கொடுக்க விடாமல் தன் கையிலிருந்தே கொடுத்துவிட்டார்.