மூன்று ஞாயிறு ஓலை

வரைபடத்தில் தேடினால் கிடைக்காது, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடினால் கிடைத்துவிடும், அப்படி ஒரு நாடு. பெயர் ஓசன்னாபுரம். அங்கே ராஜா கிடையாது. பேராயரே ராஜா. அவருக்குக் கீழே ஊருக்கு ஒரு குருவானவர். அவர்களை ஐயர் என்பார்கள்.

மற்ற ஊர்களில் கல்யாணத்துக்குத்தான் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் உண்டானால் சொல்லுங்கள் என்று. ஓசன்னாபுரத்தில் பேராயர் ஆகப் போகிறவருக்கும் ஓலை உண்டு. முன்னோர்கள் விவரமானவர்கள். கெட்ட மாப்பிள்ளையால் ஒரு வீடுதான் கெடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வருஷம் ஓலைக்கு வந்தவர் கனம் பெஞ்சமின் மகிமைராஜர். அவருக்காகப் பேராயம் புதுச் சட்டங்களை வெளியிட்டது. வேட்பாளர்மேல் தடை சொல்கிறவர் அதில் வேட்பாளரின் கையெழுத்தையும் வாங்கி வர வேண்டும். தடை சொன்னவர் வீட்டில் சாவு விழுந்தால் கோயில் மணி அடிக்கப்படாது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவருக்குப் பேராயர் தேர்தலில் இரண்டு ஓட்டு. நேர்மையற்றவர் என்று தெரிந்தவருக்கு ஓட்டே கிடையாது. போன தடவை வாய் திறந்த ஆசீர்வாதம் என்பவரின் அப்பா சட்டம் வந்த வாரமே செத்தார்; மணியில்லாமல்தான் புதைத்தார்கள். ஊர் அதைப் பார்த்துப் பாடம் படித்துக்கொண்டது.

தலைநகர்க் கோயிலில் முதல் ஓலையை வாசிக்க வேண்டியவர் எலியேசர் ஐயர். அவருக்குத்தான் சிக்கல். பேராயர் ஆகிறவர் பத்து வருஷம் வறண்ட ஊரில் ஊழியம் செய்திருக்க வேண்டும் என்பது விதி. மகிமைராஜர் பெயரில் இருந்த ஊர் உப்போடை. அங்கே அவர் வருஷத்துக்கு ஒருமுறை, ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகைக்கு வருவார், கறிச்சோறு சாப்பிடுவார், கை கழுவுவார், கார் ஏறுவார். பத்து வருஷமும் அங்கே ஞானஸ்நானம் கொடுத்து, பிணம் புதைத்து, உப்புத் தண்ணீர் குடித்தவர் உதவி குருவான எலியேசர். ஆனால், ‘கனம் மகிமைராஜர் பத்தாண்டும் இங்கேயே தங்கி ஊழியம் செய்தார்’ என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. கையெழுத்துக்குப் பலனாகத் தலைநகர்க் கோயிலும் மாமரம் நிற்கும் குருமனையும் கிடைத்தன. நல்ல தண்ணீர்க் குழாயும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி கிரேனாப் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நாளைக்கி ஒரு நிமிஷம் வாய மூடிட்டு நின்னா போதும். அதுக்குத்தான சட்டமே போட்டிருக்காவ?”

“நிக்கலாம். அடுத்த வாரம் பொய் சொல்லாதிருங்கன்னு எந்த வாயால பிரசங்கம் பண்ண?”

“இத்தன நாளும் பண்ணத்தான செஞ்சிய?”

ஐயருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் முன்வரிசையில் பேராயத்துப் பதிவாளர் பேரேடும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஓலையை வாசித்து முடித்த ஐயர், “தடை ஏதும் உண்டானால் சொல்லுங்கள்” என்று கேட்டார். ஒரு தும்மல்கூட இல்லை. ஐயரே தொண்டையைச் செருமினார்.

“தடை உண்டு. எம்மேலயே உண்டு. உப்போடைச் சான்றிதழ்ல நான் போட்ட கையெழுத்து பொய்.”

பதிவாளர் எழுந்து நின்றார். “ஐயரே, தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறோம். பொய்ச் சான்றிதழில் கையெழுத்திட்டவர் யார்?”

“நாந்தான்.”

“கனம் மகிமைராஜர் அதில் கையெழுத்திட்டாரா?”

“இல்ல.”

“ஆகவே பொய் சொன்னவர் நீர், அவர் அல்ல. அவருடைய நேர்மையை நிரூபித்தமைக்குப் பேராயத்தின் சார்பில் நன்றி. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்லலாம்.”

தேசத்தில் இருந்த ஒரே நேர்மையற்ற குரு பிடிபட்டார் என்று மாலையிலேயே சுற்றறிக்கை போயிற்று. ஐயர் கூனிக்குறுகி வீடு வந்தார். கிரேனாப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். “குழாயக் கழட்டிக் கொண்டுபோக முடியுமான்னு பாருங்க” என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

தன்மேல் தானே தடை சொல்லக் கூடாது என்று சட்டம் போடப் பேராயத்துக்குத் தோன்றியிருக்கவில்லை. அப்படியும் ஒருவன் செய்வான் என்று யார் கண்டார்கள்? இரண்டாம் ஞாயிறு, ஓலை முடிந்ததும் கமிட்டி மெம்பர் செல்வதாஸ் எழுந்தார். “எனக்கும் தடை உண்டு. செத்துப்போன எங்க பெரியப்பா ஓட்டையும் போன தடவ நாந்தான் போட்டேன்.” பாட்டுக்குழுத் தலைவி எழுந்தாள். ஊர் ஊராக இது தொற்றியது. பிரசங்கத்தில் எந்த இடத்தில் அழவேண்டும் என்று கண்ணாடி முன் பழகியதை ஓர் ஐயர் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் நாற்பது நாள் உபவாசத்தில் முப்பத்தொன்பது நாள் ஆப்பம் சாப்பிட்டிருந்தார். எல்லாவற்றையும் எழுதி எழுதிக் கை ஓய்ந்த பதிவாளர், கடைசி வரியில் தம் பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

இப்படியாக, தேசத்தில் ஓட்டுரிமை மிஞ்சியது ஒரே ஒருவருக்கு.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசிக்கவும் தகுதியானவர் அவரைத் தவிர வேறு எவரும் இல்லை. உப்போடைக்குப் புறப்பட்ட எலியேசரும் கிரேனாப்பும் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கோயில் நிரம்பி வழிந்தது. மகிமைராஜர் தம் ஓலையைத் தாமே வாசித்தார். “தடை ஏதும் உண்டானால் சொல்லுங்கள்” என்று தம்மையே கேட்டுக்கொண்டார். ஆயிரம் பாவிகள் கண்கொட்டாமல் அவரைப் பார்த்தார்கள். அவர் உதடு ஒருமுறை துடித்தது. சொல்லிவிடப்பா, சொன்னால் லேசாகிவிடும் என்று எலியேசர் மனதார ஜெபித்தார்.

“தடை இல்லை” என்றார் மகிமைராஜர். பிறகு ஓட்டுப் போட்டார். ஏகமனதான தேர்வு என்று அவரே அறிவித்தார்.

புதுப் பேராயரின் முதல் உத்தரவு மறுநாளே வந்தது. வாக்காளர்களின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைப்பதால், இனி ஆராதனையில் பாவ அறிக்கை கிடையாது.

அன்றுமுதல் ஓசன்னாபுரத்தில் பாவிகளே இல்லை. இருக்கிறவர்கள் எல்லாம் எலியேசரைத் தேடி உப்போடைக்குப் போகிறார்களாம். அங்கே இடம் போதவில்லை என்று கேள்வி.