இரண்டு படமும் ஒன்றுதான், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். பழைய டிவியும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். கடிதத்தின் மிச்சப் பகுதி உங்களுக்கு அவ்வளவு நலம் செய்யாது.

புது டிவியை வாங்கி அனுப்பிவிட்டு, "மாமா, இந்தப் புது ஹெச்.டி.ஆர். படம் நிஜமாவே நல்லா இருக்கா, இல்ல கடைக்காரங்க விடற கதையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. பிடிக்கலன்னா ஞாயித்துக்கிழமை வந்து திருப்பிக் குடுத்துடறேன்" என்றீர்கள். பார்த்துவிட்டேன். வித்தியாசம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகவும். உங்கள் அத்தை அதன் முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மறுக்கிறாள் என்பது ஒன்றே என் வருத்தம். "டிவி போனா நானும் அது பின்னாலேயே போயிடுவேன்" என்கிறாள். ஆகவே, பெரிய வண்டியாகக் கொண்டுவரவும்.

பாடத்தைப் படிக்காமல் தேர்வு வைப்பவன் நான் இல்லை. டிவியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் படித்தேன். பொடி எழுத்தில் இருந்தவை முக்கியமில்லாதவையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் மேகம் வரைந்தால் கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். நடுவில் சாம்பல் நிறங்களில் ஒரு டப்பா நிறையச் சாக்பீஸ் கொடுத்தால் மேகத்தின் வயிறு, முதுகு, ஓரத்து வெயில் எல்லாம் வரும். அதுதான் ஹெச்.டி.ஆர். அதிலும் முதலில் வந்த வகை, தலைமையாசிரியர் ஆண்டுத் தொடக்கத்தில் ஒட்டும் சுற்றறிக்கை மாதிரி. படம் முழுவதற்கும் வெளிச்சக் கட்டளை ஒன்றுதான். புதிய வகையோ வகுப்புக்கு வகுப்பு எட்டிப் பார்க்கும் ஆசிரியர். இங்கே நிழலை விடு, அங்கே விளக்கைத் தூக்கு என்று ஒவ்வொரு காட்சிக்கும் டிவியின் காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏட்டில் அழகாகத்தான் இருக்கிறது. கண்ணுக்குத்தான் வந்து சேரவில்லை.

தேர்வையும் நியாயமாகவே வைத்தேன். பழைய டிவியையும் புது டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்கள் பென்டிரைவில் அனுப்பிய கடல் படத்தில் சாதாரண வகையைப் பழையதிலும் புது வகையைப் புதியதிலும் ஓடவிட்டு, எது எது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் புது டிவி வந்த அட்டைப்பெட்டியை விரித்து, ஒரே அளவில் இரண்டு ஜன்னல் வெட்டி முன்னால் நிறுத்தினேன். அட்டைப்பெட்டி முழுசாக இருந்தால்தான் கடையில் திருப்பி எடுப்பார்கள் என்று நீங்கள் சொன்னது இரண்டாவது ஜன்னலை வெட்டி முடித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. சரி, பசை போட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அறை மங்கலாக இருக்க வேண்டுமாமே, பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து விட்டு, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளரை வரவழைத்தேன். எதையும் நம்பாத மனிதர். தெருவில் அவருக்குப் பெயரே 'சந்தேகம்'. எடுத்த எடுப்பில், காலி சோபா என்று நினைத்து அவர் மடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், நான் இருக்கேன்!"

"இருட்டுல தெரியல, மன்னிச்சுக்குங்க."

"இது இருட்டா? நீங்க சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கறதுகூட எனக்குத் தெரியுது."

படம் ஓடியது. "இடது பக்கம் இருக்கறதுதான் புதுசு. இதுல சந்தேகமே இல்ல சார்" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததை இந்தத் தெரு கேட்டதில்லை. விடை சரிதான். ஆனாலும் அத்தை கொடுத்த டீக்கு அவர் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு, அந்த விடைத்தாளைத் தள்ளிவைத்தேன்.

அடுத்து அத்தை. அவளுக்கு வலக்கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தது உங்களுக்குத் தெரியும். இடக்கண் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. "வலது கண்ணால பாத்தா ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும்" என்றாள்.

"இடது கண்ணால?"

"ரெண்டும் ஒண்ணுதான். டீத்தண்ணிக்குள்ள இருந்து பாக்கற மாதிரி."

பார்த்தீர்களா? ஒரு கண் உங்கள் கட்சி, ஒரு கண் என் கட்சி. என் கண் இரண்டையும் சேர்த்தால் மூன்றுக்கு ஒன்று. பெரும்பான்மை என் பக்கம். இதைச் சொன்னதும் அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் படகு விளக்குக்குக் கீழ தண்ணி நடுங்குதே, தெரியுதா?"

"தெரியற மாதிரி இருக்கு."

"மாதிரியா?" என்றாள்.

உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளை, எனக்கு இந்தக் கருவியெல்லாம் வேண்டியதே இல்லை. வயதாக ஆக உலகமே என்னிடம் மென்மையாக நடந்துகொள்கிறது. காலை வெயிலிலேயே மாலைப் பொன்னிறம் கலந்திருக்கிறது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டத்தோடு நிற்கின்றன. எதிர்ச் சுவரில் படர்ந்த கொடி, இலை இலையாக இல்லாமல் ஒரே பச்சை மூச்சாக அசைகிறது. அறையின் மூலைகள் கூர்மையை விட்டுவிட்டன. தூரத்தில் வருகிறவர்கள் எல்லோரும் தெரிந்தவர்களைப் போலவே இருக்கிறார்கள். கையை ஆட்டி வைக்கிறேன், சிலர் பதிலுக்கு ஆட்டுகிறார்கள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் யாரோ ஒரு மெல்லிய துணியை உலர்த்தப் போட்டதுபோல் நாள் முழுவதும் ஒரு சுகம். எந்த டிவி இதைக் காட்டும்? ஆகவே என் தீர்ப்பில் மாற்றமில்லை.

உங்கள் இருவருக்கும் எங்கள் மனமார்ந்த ஆசிகள். குடும்பத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமா

பின்குறிப்பு: உறையில் போடும் முன் கடிதத்தை அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். சிரிப்பாள் என்று நான் எதிர்பார்த்த இடங்களில் சிரிக்கவில்லை.

"ஏங்க, பாதி வரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்காந்திருக்கு."

"அவசரத்துல எழுதினேன்."

"நீங்க எதை அவசரமா எழுதியிருக்கீங்க? போர்டுல நூல் பிடிச்ச மாதிரி எழுதின மனுஷன்!"

கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போனாள். பொழுது சாய்ந்து நிலா வந்திருந்தது.

"இது எப்படித் தெரியுது?"

"பஞ்சு மாதிரி."

"ஒண்ணா, ரெண்டா?"

தெரியாத விடையை ஊகித்து எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். நன்றாகப் பார்த்து, "ஒன்றரை" என்றேன். சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். "நிலாவுக்கு ஓரம் இருக்குங்க. டாக்டர் கட்டு அவுக்கற வரைக்கும் எனக்கும் அது மறந்துதான் போயிருந்துச்சு."

ஆகவே மேலே எழுதிய தீர்ப்பு ரத்து. வினாத்தாளில் தவறில்லை, திருத்தியவருக்குத்தான் கண் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எடுத்துப் போக வேண்டியது டிவியை அல்ல, எங்களை. அவளுடைய இடக்கண்ணையும் என் கண்களையும் சேர்த்தே காட்டிவிடலாம். சின்ன வண்டி போதும். ஹெச்.டி.ஆர். நல்லதா இல்லையா என்பதை என் கட்டு அவிழ்த்த பிறகு சொல்கிறேன். அதுவரை டிவி இங்கேயே இருக்கட்டும். அட்டைப்பெட்டிக்கும் பசை தேவையில்லை.

இதை எழுதும்போது அத்தை கடல் படத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறாள். படகு கரைப் பக்கம் திரும்புகிறதாம். விளக்கின் கீழே தண்ணீர் இன்னும் நடுங்குகிறதாம்.