பாம்பர் அண்ணன் பெண் பார்க்கப் போன கதை

ஈப்போ நகரில் எந்தப் பொருளையும் சாகவிடாத ஒரே மனிதர் எங்கள் பாம்பர் அண்ணன்தான். லாரிப் பட்டறையில் மெக்கானிக். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கடைவீட்டு மாடி அறையில் என்னோடும் இன்னும் இரண்டு பேரோடும் தங்கியிருந்தார். அவர் கட்டிலுக்கு மேல் சாமி படம் கிடையாது. அமெரிக்காக்காரனின் பி-52 குண்டுவீச்சு விமானம் எட்டு எஞ்சினோடு தொங்கிக்கொண்டிருக்கும். குண்டு போடும் 'பாம்பர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்ததே அதனால்தான்.

அறை விசிறி கரகரத்தால், புதிது வாங்கலாம் என்று வாயைத் திறக்கக் கூடாது.

"நான் மீசை வைக்க ஆரம்பிச்சப்ப பறந்த விமானம்லா அது! இன்னும் பறக்குது. இறக்கைக்குப் புதுத் தகடு அடிச்சான், உள்ளுக்குப் புதுக் கருவி வச்சான். தூக்கியா போட்டான்?"

பிறகு விசிறியைப் பிரித்து மாட்டுவார். விசிறி நன்றாகச் சுற்றும். கூடவே கூரையும் ஆடும். அவருடைய காற்சட்டையில் அசல் துணி எது, ஒட்டுத்துணி எது என்று அவருக்கே தெரியாது.

கல்யாணத்தில் மட்டும் அந்த ஞானம் பலிக்கவில்லை. நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. மனிதருக்கோ குடும்பம் நடத்தக் கொள்ளை ஆசை. ஆனால் பெண் வீட்டார் "வயசு கொஞ்சம்..." என்று இழுத்தால் போதும், விமானத்தைக் கிளப்பிவிடுவார். அவர்கள் மெதுவாகக் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

தாப்பா என்ற ஊரில் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவைப் பார்க்கப் போனபோது பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கினேன்.

"அண்ணே, இன்னிக்கு விமானம் வேணாம்லா."

"சரிடா, வாயே தொறக்கல."

பெண்ணின் அண்ணன் வயதைக் கேட்டார். சத்தியம் போன இடம் தெரியவில்லை. அப்பன் ஓட்டிய விமானத்தை மகன் ஓட்டுகிற கதைவரை, கைகளை விரித்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

கதவருகே நின்ற அந்த அக்கா கேட்டார்: "அதுக்கு ரிப்பேர் யாரு பாக்குறா?"

"ஒரு கூட்டமே இருக்கும்மா."

"உங்களுக்கு?"

பாம்பர் அண்ணன் விரித்த கைகளை இறக்கிக்கொண்டார். "எனக்கா... யாரும் இல்ல" என்றார் மெல்ல.

"சட்டையில பட்டன் தொங்குது. கழட்டிக் குடுங்க, தச்சுத் தாரேன்."

பெண் பார்க்கப் போன வீட்டில், நடுக்கூடத்தில், ஓட்டைப் பனியனோடு மாப்பிள்ளைக் களை சொட்ட உட்கார்ந்திருந்தார் மனிதர். பெண்ணின் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் இன்னொரு காப்பி போடச் சொன்னார்.

தை மாதம் கல்யாணம். அவருக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று கோயிலில் தேங்காய் உடைத்தவனே நான்தான். ஆனாலும் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியபோது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.