இப்பதான் முடிஞ்சிச்சு, நாளைக்கு வரும்

எந்த மொழியாக இருந்தாலும் 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் வசப்பட்டால் பாதி மொழி வந்த மாதிரி என்பார்கள். எனக்கு அந்தப் பாதியில் பாதிதான் வந்தது. நான் மக்கு என்பதால் அல்ல (அதுவும் உண்டு, ஆனால் முதற்காரணம் அதுவல்ல). நான் ஒரு கடைக்காரரின் மகன்.

அம்பிட்டியவில், பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் ஒரு வளைவில் இருக்கிறது அப்பாவின் சில்லறைக் கடை. பருப்பு, மாசி, கருவாடு, சவர்க்காரம், காலையில் பாண் ரொட்டி. அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான். வருபவர் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்ற சொல் கல்லாவைத் தாண்டக் கூடாது. லட்சுமி காதில் விழுந்துவிடுமாம். ஆகவே முகத்தில் சிறிது துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, "இப்பதான் முடிஞ்சிச்சு, நாளைக்கு வரும்" என்று சொல்ல வேண்டும். சிங்கள நோனாமார் (அம்மணிகள்) கேட்டால் அதையே "ஹெட்ட எனவா" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் வழி தவறி வந்த ஒருவர் டிராக்டர் டயர் கிடைக்குமா என்று கேட்டார். அப்பா கண்ணிமைக்காமல் நாளைக்கு வரும் என்றார். எங்கள் கடையில் இல்லாத பொருளே கிடையாது. வந்து சேராத பொருள்கள்தான் உண்டு.

வீட்டுக்குள் அம்மாவின் ஆட்சி. அங்கும் இதே கதை. அரிசி தீர்ந்தால் "அரிசி நெறஞ்சிருக்கு" என்பார். அதை நம்பி எங்கள் சித்தப்பா ஒருவர் கூடுதலாகச் சில நாள் தங்கிவிட்டதாகக் குடும்ப வரலாறு கூறுகிறது.

இப்படி இல்லாமை என்பதையே வாயால் சொல்லாமல் வளர்ந்த ஒருவன்தான், சில வருஷங்களுக்கு முன், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு மாடிப்படி ஏறி ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தான். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். எனக்கும் போக வேண்டும். போகாவிட்டால் ஆயுசுக்கும் அந்தக் கல்லாதான், அந்தக் கருவாடுதான் என்பது தெளிவாகத் தெரிந்தது.

பாடம் சொல்லித்தந்தவர் ஒரு சிங்கள மிஸ். ஓரளவு தமிழும் பேசுவார். பக்கத்துக் கதிரையில் மடவளையிலிருந்து வரும் ரிஸ்னி. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, இல்லாததைப் பற்றிய பாடம் வரும்வரை.

ஜப்பானியர் கையில் இரண்டு 'இல்லை' இருக்கின்றன. உயிருள்ளது இல்லையென்றால் 'இமஸென்', உயிரற்றது இல்லையென்றால் 'அரிமஸென்'. பூனை இல்லை என்றால் இமஸென். புத்தகம் இல்லை என்றால் அரிமஸென். சிங்களப் பிள்ளைகள் இதில் பாதியை உடனே பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஆள் இருப்பது 'இன்னவா', பொருள் இருப்பது 'தியெனவா'. ஆனால் இல்லாமல் போய்விட்டால் அவர்களும் நம்மைப் போலத்தான், ஆளுக்கும் ஆணிக்கும் ஒரே 'நே'. இல்லாமல் போன பிறகும் ஒருவருக்கு மனுஷ மரியாதை கொடுப்பவர்கள் ஜப்பானியர்தான் என்று தோன்றியதும் எனக்கு வியப்புத் தாங்கவில்லை. மிஸ்ஸைக் குடைய ஆரம்பித்தேன்.

தென்னை மரம்? உயிரற்ற பக்கம் என்றார் மிஸ். (தென்னை கேட்டால் வருத்தப்படாதா?) கடலில் நீந்தும் மீன்? உயிருள்ள பக்கம். அப்படியானால் எங்கள் கடைக் கருவாடு? மிஸ் கொஞ்சம் யோசித்து, அது உயிரற்ற பக்கம் என்றார். எந்த இடத்தில் கட்சி மாறியது, வலையிலா, வெயிலிலா என்று கேட்டேன். ரிஸ்னி என் காலை மிதித்தான். பேய்? உயிருள்ள பக்கமாம். அதாவது 'பேய் இல்லை' என்று சொல்வதற்கே அதற்கு முதலில் உயிர் கொடுக்க வேண்டும்! அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"ரவி, கடையக் கொஞ்சம் பூட்டுங்க" என்றார் மிஸ்.

ஆனால் அந்தக் கடைதான் எனக்கு முதல் பாராட்டையும் வாங்கித் தந்தது. ஒருநாள் நடித்துப் பேசும் பயிற்சி. ரிஸ்னி வாடிக்கையாளர், நான் கடைக்காரன். முட்டை இருக்கிறதா என்று ஜப்பானிய மொழியில் கேட்டான். என் முகம் தானாகத் துக்கமானது. "சுமிமஸென். இமா அரிமஸென். அஷித்தா கிமஸ்" என்றேன். மன்னிக்க வேண்டும், இப்போது இல்லை, நாளைக்கு வரும். மிஸ் கைதட்டினார். இதுவரை இந்த வகுப்பில் யாரும் இவ்வளவு இயல்பாகப் பேசியதில்லை என்றார். (இயல்பாக வராமல்? பரம்பரைச் சொத்தல்லவா.) அந்த மூன்று துண்டு வாக்கியங்களையும் வழியெல்லாம், பஸ்ஸில், குளிக்கும்போது, மந்திரம்போல் சொல்லித் திரிந்தேன். அம்மாவும் அதை மந்திரம் என்றே நினைத்து, காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தார். அர்த்தம் தெரிந்த அன்று உப்பை எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டார்.

நேர்முகத் தேர்வுக்கு ஜப்பானிலிருந்து இல்லத்தின் தலைவரே வந்துவிட்டார். நரைத்த தலை, கறுப்புக் கோட், பக்கத்தில் குறிப்பெடுக்கும் ஒரு அம்மையார். உள்ளே மிஸ் கிடையாது, மொழிபெயர்ப்பு கிடையாது. கதவைத் திறந்து, குனிந்து, உட்கார்ந்தேன். மூளை வெள்ளையாகிவிட்டது. அந்த வெள்ளையில் எங்கள் கடைக் கல்லா மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

உங்களுக்கு நோய் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார் தலைவர். கேள்வி புரிந்தது. அதுவே பெரிய வெற்றி. முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டு சொன்னேன்: "மன்னிக்க வேண்டும். இப்போது இல்லை. நாளைக்கு வரும்."

அம்மையாரின் பேனா நின்றது.

உடம்பில் பச்சை குத்தியிருக்கிறீர்களா? மன்னிக்க வேண்டும், இப்போது இல்லை, நாளைக்கு வரும். ஜப்பானில் நண்பர்கள் இருக்கிறார்களா? இது உயிருள்ள இனம் என்பதைக் கவனித்து, பொறுப்பாக 'இமஸென்' போட்டு, அவர்களையும் நாளைக்கு வரவழைத்தேன். இலக்கணத்தில் ஒரு பிழை கிடையாது. இன்றைக்கும் சவால் விடுவேன்.

பிறகு, மனைவி இருக்கிறாரா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டு, இப்போது இல்லை, நாளைக்கு வருவார் என்றேன்.

தலைவர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார். அதில் திருமணமாகாதவர் என்றிருந்தது. என்னைப் பார்த்தார். மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தார். திடீரென்று இரண்டு பேர் முகமும் மலர்ந்தது. எழுந்து நின்று, "ஒமெதெத்தோ கொஸாய்மஸ்" என்று குனிந்தார்கள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும். பரீட்சையில் தேறியவர்களுக்கு மிஸ் சொல்வது. வாழ்த்துகள்! கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு தலைவர் நீளமாக ஏதோ கேட்டார். அதில் 'நாளை' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. கடைக்கு வந்தவர் எதைக் கேட்டாலும் தலையாட்ட வேண்டும் என்பது கடைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு. "ஹாய், ஹாய்" என்று ஜப்பானிய 'ஆமாம்' போட்டு ஆட்டினேன். விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தை அம்மையார் தனியாகக் குறித்துக்கொண்டார்.

வெளியே ரிஸ்னி வாடிப்போய் நின்றான். அவனுக்கு நன்றி மட்டும் சொல்லி அனுப்பினார்களாம். தோளில் கைபோட்டு, கவலைப்படாதே, நான் போய்ச் சேர்ந்ததும் உனக்கும் ஒரு வழி பண்ணுகிறேன் என்று ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

வீட்டில் அம்மா அழுதார். உடனே அடுத்த நாள் காலையில் கடையிலேயே பிள்ளையாருக்கு ஒரு பூசை என்று முடிவானது. விடிவதற்குள் கடை வாசலில் மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் வாழை. பக்கத்து வீட்டார், சித்தப்பா குடும்பம், பெரிய சட்டியில் பாயாசம். எனக்குப் பட்டு வேட்டி. கழுத்தில் மாலையும் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கோலத்தில் நான் பாயாசக் கரண்டியோடு நிற்கும்போது வாசலில் ஒரு வான் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மிஸ், கண்டிச் சிங்களப் பெண்கள் விசேஷத்துக்குக் கட்டும் ஒசரிச் சேலையில். பின்னால் அம்மையார். அவருக்குப் பின்னால் தலைவர், பட்டுத்துணியில் சுற்றிய ஒரு பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு.

மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் கூட.

"ரவி, இண்டைக்குக் கல்யாணம் எண்டு எனக்கு ஒரு சொல் சொல்லல்ல நே?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நோய், பச்சை, நண்பர்கள், மனைவி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவசரமாக மாலையைக் கழற்றப் பார்த்தேன். அது பாயாசக் கரண்டியில் சிக்கிக்கொண்டது.

மிஸ் என்னை விட்டுவிட்டுக் கடைக்குள் போனார். அப்பா அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு வாழைப்பழம் பிய்த்துக்கொண்டிருந்தார். மணமகள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார் மிஸ்.

ஒரு சிங்கள நோனா குரல் எதையோ எங்கே என்று கேட்கிறது. அப்பாவுக்கு அது போதும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஹெட்ட எனவா, நோனா."

மிஸ் தலைவரிடம் திரும்பி, மெல்லிய குரலில், நாளைக்கு வருவாராம் என்று ஜப்பானிய மொழியில் சொன்னார். தலைவர் என்னைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். கடைத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கண், துகள் மட்டும் மிஞ்சிக் காலியாகக் கிடந்த பாண் கண்ணாடிப் பெட்டியில் போய் நின்றது. அதை விரலால் காட்டி, அப்பாவைப் பார்த்து, "பன்?" என்றார்.

ரொட்டிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் அது. நமக்குப் பாண் கொடுத்த அதே போர்த்துக்கீசர் அவர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முகம் துக்கமானது.

"இப்பதான் முடிஞ்சிச்சுங்க. நாளைக்கு வரும்."

அந்த முகத்தைத் தலைவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார், முந்திய நாள், என் கழுத்துக்கு மேலே. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார். பெட்டியை அம்மையாரிடம் கொடுத்துவிட்டு, அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிஸ் என்னிடம் விசாரித்து, விளங்கி, அவரும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சித்தப்பா காரணம் தெரியாமலே சிரித்தார்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மிஸ் வழியாகக் கேட்டேன். கல்யாணம் கிடக்கட்டும், வேலை?

தலைவர் சிரிப்பை நிறுத்தினார். கோட்டைச் சரிசெய்தார். என்னைவிட ஆழமாகக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் எங்கள் குடும்பத் துக்கம் அச்சு அசலாக இருந்தது.

"சுமிமஸென். இமா அரிமஸென். அஷித்தா கிமஸ்."

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "என்னா சொல்றாரு?"

"வேலை இப்ப முடிஞ்சிருச்சாம்ப்பா. நாளைக்கு வருமாம்."

அப்பா ஒரு கணம் யோசித்தார். ஆயுள் முழுக்க அந்த வாக்கியத்தை விற்றவர். வாங்கியது அன்றைக்குத்தான்.

"அப்ப இல்லைன்னு அர்த்தம்" என்றார். பிறகு மரியாதையாக, "அவங்களுக்குப் பாயாசம் குடு."

அந்த வேலைக்கு எடுபட்டவன் ரிஸ்னிதான். நோய் இருக்கிறதா என்று கேட்டதற்கு வெறுமனே இல்லை என்று சொல்லியிருக்கிறான், இரக்கமில்லாதவன். இப்போதும் அங்கிருந்து போன் எடுப்பான். சாப்பாட்டு அறையில் சூப் தீர்ந்தால் தலைவர் துக்க முகத்தோடு என் பெயரைச் சொல்கிறாராம். "ஒனக்கு வாப்பாட கடைதான் சரி மச்சான், ஆனா இங்க ஒன்னத் தெரியாத ஆள் இல்ல" என்கிறான்.

பெட்டிக்குள் இரண்டு தேநீர்க் கிண்ணங்கள் இருந்தன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. புருஷன் பெண்சாதிக்கானவை. திருப்பிக் கொடுக்கப் போனோம், தலைவர் வாங்கவில்லை. நாளைக்குத் தேவைப்படும் என்றாராம். அம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பல நாளைகள் கழித்துப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா என்னை நன்றாக எடைபோட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை வாய்ப்பு ஏதும் இருக்கா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் ஒரே குரலில், "நாளைக்கு வரும்" என்றார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர்தான் இப்போது பெரிய கிண்ணத்தில் தேத்தண்ணி குடிக்கிறார். அது எனக்குத்தானே என்று எப்போதாவது கேட்பேன். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு பதில் சொல்வார். என்ன பதில் என்று உங்களுக்குத் தெரியும்.