குறைகள்: பூச்சியம்

மனிதரில் ஒரு சாதி உண்டு. சனத்தொகைக் கணக்கெடுப்புக்காரர் இவர்களுக்குத் தனி நிரல் இன்னும் ஒதுக்கவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. குறைபிடி கருவி பூட்டியவர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். வேலையைச் செய்து முடிப்பது இவர்களுக்கு இரண்டாம் பட்சம். செய்த வேலை சரியா என்று பார்க்கும் கருவியை வாங்குவது, பூட்டுவது, துடைப்பது, நாலு பேருக்குக் காட்டுவது, காட்டிய பின் அதற்கு உறை போட்டு மூடுவது, இவைதான் முதலாம் பட்சம். மட்டக்கோல் வைத்திருப்பார்கள். சுவர் இருக்காது.

மாதிரிக்கு ஒருவரைப் பார்க்க வேண்டுமா? தூரம் போக வேண்டாம். கல்முனையில் ஒரு விவசாயிகள் சங்கத்தின் மேல்மாடிக்கு ஏறுங்கள். அங்கே கொம்பியூட்டருக்கு முன்னால், கால்சட்டையின் மடிப்புக் கலையாமல் அமர்ந்திருப்பவர் ஆதம்பாவா. ஆறு வருடம் குவைத்தில் கொம்பியூட்டர் வேலை பார்த்துவிட்டு, எண்பத்தெட்டாம் ஆண்டு ஊர் திரும்பியவர். வந்ததும் சங்கம் அவரிடம் ஒரேயொரு வேலையைக் கொடுத்தது. சிறுபோக நெற்செய்கையில் எந்த வயலுக்கு எந்த நாள், எத்தனை மணித்தியாலம் வாய்க்கால் தண்ணீர் என்று கணக்குப் பார்த்து, பட்டியல் அடித்துத் தரும் புரோகிராம் ஒன்றை எழுத வேண்டும். அதுவரைக்கும் வட்டவிதானை சின்னப்போடிதான், மதகுகளைத் திறந்து மூடும் பொறுப்போடு, அந்தப் பட்டியலையும் ஒரு கொப்பியில் எழுதி வந்தார்.

ஆதம்பாவா புரோகிராமை எழுதினார். நாலு நாளில் எழுதினார். பிறகு குவைத்திலிருந்து கொண்டுவந்த டிஸ்க் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, பிஸ்மி சொல்லி, கொம்பியூட்டருக்குள் செருகினார்.

அந்த டிஸ்க்கில் இருந்ததுதான் லின்ற். மருதமுனைத் தறிக்காரர் மாலையில் சாரத்தை உதறும்போது பஞ்சுத்தூசு பறக்கும் அல்லவா? ஆங்கிலத்தில் அதற்குத்தான் லின்ற் என்று பெயர். கொம்பியூட்டர்காரர்கள் அந்தப் பெயரைத் தங்கள் கருவிக்கு வைத்துவிட்டார்கள். நீங்கள் எழுதிய புரோகிராமை இது ஓட்டிப் பார்க்காது, வாசித்துப் பார்க்கும். வாசித்துவிட்டு, இந்த வரியில் தூசு, அந்த வரியில் சந்தேகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். நல்ல கருவி. கருவியில் நான் குறை சொல்லவில்லை.

பூட்டுவதற்குப் பதினொரு நாள் எடுத்தது. ஏன் என்று கேட்காதீர்கள். கருவிக்கு விதிகள் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு வரியில் எத்தனை எழுத்து வரலாம்? உள்வரிகளை எத்தனை இடம் தள்ளித் தொடங்குவது, இரண்டா நாலா? இரண்டு என்று காலையில் முடிவெடுத்தார். லுஹர் தொழுதுவிட்டு வந்து நாலு என்று மாற்றினார். அடுத்த நாள் மூன்று என்றார், நடுநிலைமை. இதற்கிடையில் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் நாற்றுக்கு விதிமுறை தெரியாது, பாருங்கள்.

கருவி தயாரானதும் இந்தச் சாதியினர் முதலில் என்ன செய்வார்கள்? தங்கள் வேலையைப் பரீட்சிப்பார்கள் என்றா நினைத்தீர்கள்? அடுத்த மேசைக்காரியின் வேலையைப் பரீட்சிப்பார்கள்.

அடுத்த மேசையில் இருந்தவர் செலீனா. தட்டெழுத்து வேலைக்கு வந்து, தானாகவே கொம்பியூட்டர் பழகி, சங்கக் கடிதங்களுக்கு முகவரி ஒட்டு அடிக்கும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். ஒரு வருடமாக ஒரு கடிதமும் வழிதவறவில்லை. கருவி அதில் அறுபத்துமூன்று குறை கண்டது. ஆதம்பாவா அதை நீளக் காகிதத்தில் அடித்து, பூச்சரம் போலச் சுவரில் தொங்கவிட்டார். செலீனா இரண்டு நாள் இருந்து அறுபத்துமூன்றையும் திருத்தினார். பிறகு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“சேர், உங்கட தண்ணிப் புரோகிராமையும் ஒருக்காப் போட்டுப் பாருங்களன்.”

“என்னத்துக்கு தங்கச்சி? அது நான் எழுதினது.”

“அதுக்குத்தான் சேர்.”

போட்டார். இருநூற்றுப் பதினாலு.

இந்த இடத்தில்தான் நீங்கள் இந்தச் சாதியைக் கூர்ந்து அவதானிக்க வேண்டும். திரையைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். “கருவிக்கு இந்த ஊர் வெக்கை ஒத்துக்கொள்ளல்ல போல,” என்றார். அதன்பின் கையேட்டைத் திறந்து, எந்த விதியையும் நிறுத்தி வைக்க ஒரு வழி உண்டு என்ற பக்கத்தைக் கண்டுபிடித்தார். அல்ஹம்துலில்லாஹ்! வரி நீளம் பற்றிய விதி சின்னப்பிள்ளைத்தனமானது, நிறுத்தினார். தொண்ணூறு குறை போயிற்று. எடுத்து வைத்துப் பாவிக்காத பெயர்களைப் பற்றிய விதி மற்றவர் வீட்டு விசயத்தில் தலையிடுவது, நிறுத்தினார். இன்னும் எண்பது போயிற்று. இப்படியே போய்ப் போய்க் கடைசியில் ஒன்று மிஞ்சியது. எண்பத்தெட்டாம் வரி: இந்தப் பெட்டிக்குள் எண் ஒன்றும் போடவில்லை, ஆனால் அதிலிருந்து எடுக்கிறீர்.

“சேர், இது மற்றது மாதிரி இல்லையே,” என்றார் செலீனா. “வாய்க்கால்ட கடைசி வயலுக்கு மணித்தியாலம் எடுக்கிற இடம்தானே இது?”

“தங்கச்சி, இதெல்லாம் ஒரு அபிப்பிராயம்.”

அபிப்பிராயத்தையும் நிறுத்தினார். திரையில் வந்தது: குறைகள் பூச்சியம். அதைத் தனித்தாளில் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். தண்ணீர்ப் பட்டியலும் அன்றே அச்சாகி, சின்னப்போடியின் கைக்குப் போனது.

எட்டாம் நாள் காலையில் சீனிமுகம்மது படியேறி வந்தார். ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன்; வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. மூன்று ஏக்கர், அந்த வருடத்துச் சோறு முழுக்க அதற்குள்தான். கையில் வேரோடு பிடுங்கிய பயிர். நுனி சுருண்டு, பழுப்பேறி, வேரில் காய்ந்த மண்ணோடு இருந்தது. அதைக் கொம்பியூட்டரின் விசைப்பலகைமேல் வைத்தார்.

“மனே, என்ட வயலுக்குத் தண்ணி எப்ப வரும்?”

“காக்கா, அதத் தூக்குங்க, மண் கொட்டுது. பட்டியல்ல பாத்தீங்களா?”

“பாத்த. என்ட பேருக்கு நேர முட்ட போட்டிரிக்கீங்க. சின்னப்போடிட்டக் கேட்டா, ‘கொம்பியூட்டர் உங்களுக்குத் தண்ணி இல்ல எண்டா நான் மதகுப் பலகையில கை வைக்க ஏலா காக்கா, என்ட கொப்பியில எண்டா ஆறு மணித்தியாலம்’ எண்டு சொல்றான்.”

ஆதம்பாவா பதற்றப்படவில்லை. எழுந்து, சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினார்.

“இஞ்ச பாருங்க காக்கா. கருவி வரி வரியாப் பாத்திரிக்கி. ஒரு குறையும் இல்ல.”

“அதுக்கு வயல் பாக்கத் தெரியுமா?”

“அது வயல் பாக்கிறல்ல. புரோகிராம்தான் பாக்கும்.”

“அப்ப மறுகா என்ன? அந்தப் புரோகிராமக் கொண்டு என்ட வயல்ல நடுங்க. தண்ணி இல்லாமக் கதிர் வருதா பாப்பம்.”

ஆதம்பாவா கையேட்டைத் திறந்து தேடினார். இதற்குரிய விதி அதில் இல்லை. இந்த இடைவெளியில் செலீனா எழுந்து வந்து, பயிரை மெதுவாக ஒரு பக்கம் வைத்துவிட்டு, நிறுத்தி வைத்த கடைசி விதியை மறுபடி திறந்தார். எண்பத்தெட்டாம் வரி கண்ணைத் திறந்து பார்த்தது. வெறும் பெட்டிக்குள் போட வேண்டியதைப் போட ஒரு வரிதான் தேவைப்பட்டது. எழுத அரை நிமிடம். பட்டியலில் ஆறு மணித்தியாலம் வந்தது. சூடாறாத தாளைச் சாரத்தில் செருகிக்கொண்டு சீனிமுகம்மது சைக்கிளில் மதகடிக்குப் பறந்தார். அடுத்த நாள் அஸர் தொழுகைக்கு முன்னே வயலில் தண்ணீர் நின்றது. பயிர் தலை நிமிர்ந்தது. வரம்போரம் கால் ஏக்கர் மட்டும் நிமிரவில்லை.

ஆதம்பாவா பாடம் படித்தாரா? படித்தார். அடுத்த வாரம் சங்கப் படியின் அடியில் ஓர் அறிவித்தல் தொங்கியது. விவசாயிகளின் முறைப்பாடுகள் எழுத்தில், மூன்று பிரதிகளில், காணி இலக்கத்துடன், புதன்கிழமைகளில் பத்து மணிக்கும் பத்தேகாலுக்கும் இடையில் மட்டுமே ஏற்கப்படும். மண்ணுள்ள பொருட்களுடன் மேலே வருதல் ஆகாது.

மாத முடிவுக் கூட்டத்தில் அவர் அறிக்கை வாசித்தார். முறைப்பாடுகள்: பூச்சியம். சபை கைதட்டியது. சீனிமுகம்மது தட்டவில்லை, அவர் கூட்டத்துக்கே வரவில்லை. மதகுப் பலகைக்குப் பக்கத்தில், தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களிடம் கொம்பியூட்டர் இல்லை, டிஸ்க் இல்லை, இந்தச் சாதிக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் வீட்டில் நீங்கள் சொன்னால் “ஓம்” என்கிறார்கள். பிள்ளைகள் “ஓம் வாப்பா” என்கிறார்கள். கடையில் வேலைக்கு நிற்பவர் “ஓம் முதலாளி” என்கிறார். உங்களைப் பற்றி வருடக்கணக்காக ஒரு குறையும் உங்கள் காதில் விழவில்லை. மாஷா அல்லாஹ்! சட்டம் போட்டு மாட்டலாம்.

ஆணி அடிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள்: கடைசியாக ஒருவர், “இது மற்றது மாதிரி இல்லையே,” என்று தொடங்கினாரே, அவரை எந்தச் சொல்லால் நிறுத்தினீர்கள்?