மழைக் காவலனும் சர்க்கரைக் கட்டியும்

இனிமேல் இந்த வீட்டில் யாரையும் நம்புவதில்லை என்று விஞ்ஞானி முடிவெடுத்தார். வீட்டில் இருப்பதே அவரும் அவர் மனைவியும்தான். ஆகவே யாரை நம்பவில்லை என்பதில் பெரிய குழப்பம் இல்லை.

விஞ்ஞானி என்பது கட்டடத்துக்காரர்கள் வைத்த பட்டம். வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்த மனிதர், அதை உதறிவிட்டுக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். கம்பெனி என்றால் படுக்கையறை மூலையில் ஒரு மேஜை, அதன் மேல் ‘மழைக் காவலன்’. மொட்டை மாடியில் காயும் துணி மேல் முதல் தூறல் விழுந்ததும் கீழே வீட்டுக்குள் மணி அடிக்கும் கருவி. புதுத் தொழில்நுட்பத்தை விற்பனைக்குக் கொண்டுவரும் சின்னக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது. கிடைத்தால் அவர் முதலாளி. கிடைக்காவிட்டால் மறுபடியும் ஊரார் வாஷிங் மெஷினுக்குள் தலை.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. சர்க்கரைக் கட்டி டப்பா வாங்கிய வேகத்தில் காலியானது. டீயில் இனிப்பே இல்லை என்றால், தீர்ந்துபோச்சு என்று மனைவி கை விரித்தாள். துணிக் கிளிப்புகள் காணாமல் போயின. எதிர்வீட்டுத் தையல்காரம்மா தினம் வந்து மனைவியோடு குசுகுசுத்துவிட்டு, பையில் எதையோ மறைத்துக்கொண்டு போனாள். இவர் தலை தெரிந்தால் பேச்சு சட்டென்று வெயிலுக்குத் தாவும். வெயிலைப் பற்றி அவ்வளவு நேரம் எவர் பேசுவார்? தன் கருவியைக் காப்பியடிக்கிறார்கள் என்று விஞ்ஞானி அடித்துச் சொல்வார். சர்க்கரை எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெள்ளைச் சர்க்கரையும் பேய்.

கருவியின் உயிர் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் சில்லு. அதைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“என் பாக்கெட்டை யாரும் பாக்கக் கூடாது. நீயும்தான்.”

“சரிங்க, பாக்கல.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதில்லை. விஞ்ஞானிக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

மானிய ஆபீஸிலிருந்து அதிகாரியம்மா வந்தார். வாயால் அளந்தால் போதாது, கருவி கண்ணெதிரே வேலை செய்ய வேண்டும், நாலு வீட்டில் பயன்பட வேண்டும் என்றார். மொட்டை மாடிக்குப் படி ஏறும்போதே இன்னொன்றும் சொன்னார். இதே கட்டடத்திலிருந்து இரண்டு விண்ணப்பம் வந்திருக்கிறதாம்.

விஞ்ஞானி திரும்பி எதிர்வீட்டுக் கதவை முறைத்தார். தையல்காரம்மா முந்திக்கொண்டாள்!

மாடியில் காவலனை வைத்து, அவசரமாகச் சில்லை மாட்டப் பாக்கெட்டில் கை விட்டார். காலி. அப்போதுதான் உறைத்தது, இது வேறு சட்டை. அந்தச் சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. சில்லு அதன் பாக்கெட்டில் சோப்புத் தண்ணீர் குடித்துக் கிடந்தது.

மனைவியை ஓரமாக இழுத்தார். “பாக்கெட்டைப் பாக்காம எதுக்குத் தொவச்சே?”

“பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

மழைக்கும் அன்றைக்குத்தான் வேளை. முதல் சொட்டு விழுந்தது. காவலன் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் நின்றது. ஆனால் கீழே ஒரு மணி அடித்தது. அப்புறம் இன்னொன்று. கட்டடம் முழுக்க மணி. வீட்டுக்கு ஒருத்தியாக ஓடிவந்து துணிகளை அள்ளினார்கள். விஞ்ஞானியின் சட்டையை மட்டும் ஒருத்தியும் தொடவில்லை. தொடக் கூடாதே.

யார் செய்தது என்று அதிகாரியம்மா கேட்டார். தையல்காரம்மா விரலை நீட்டினாள். விஞ்ஞானியின் மனைவி பக்கம்.

அவள் கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றிக் காட்டினாள். கிளிப்பின் வாயில் கரைந்துபோன சர்க்கரைக் கட்டியின் மிச்சம். மழை பட்டால் கட்டி கரையும், வாய் மூடும், அதில் கட்டிய இரண்டு கம்பியும் ஒட்டும், கீழே மணி அடிக்கும். மணி, கம்பி எல்லாம் விஞ்ஞானி தூக்கிப்போட்ட பழைய சாமான்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றார் விஞ்ஞானி.

“காவலனோட உயிரை நீங்க பாக்கெட்ல வச்சுக்கிட்டுச் சுத்துனா, எங்க துணியை யாருங்க காப்பாத்துறது?”

இரண்டாவது விண்ணப்பம் அவளுடையது. மானியமும் அவளுக்குத்தான் வந்தது. மேஜை அதே மேஜை. விஞ்ஞானிக்கும் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது, கிளிப்பில் சர்க்கரை மாட்டுகிற வேலை. முதல் நாள் முடிந்து எழுந்தபோது, வாசலில் முதலாளியம்மா மறித்தாள்.

“பாக்கெட்டைக் காட்டுங்க. கம்பெனி ரகசியம் வெளிய போயிடக் கூடாது பாருங்க.”

காட்டினார். உள்ளே இரண்டு கட்டி இருந்தது, டீக்கு.