ஏறாவூரில் நான் கொன்ற மனிதர்

நான் ஒருவரைக் கொன்றிருக்கிறேன். அவர் இப்போதும் கட்டாரில் லொறி ஓட்டுவதால் பொலிஸ் என்னைத் தேடவில்லை.

பழைய கமெரா ஒன்றை வாங்கி, தெருவில் போவோர் வருவோரைப் படமெடுத்து முகநூலில் போட்டுக்கொண்டிருந்த காலம். படத்துக்குக் கீழே அவர்களுடைய கதையையும் எழுதுவேன். (அவர்களிடம் கேட்டல்ல. முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கதை தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு.)

ஒருநாள் ஏறாவூர் பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடி நின்றார். கண்ணீர் நிற்கவே இல்லை. எதிரே இருந்த கடைக்குள் ஒளிந்து நின்று படமெடுத்தேன். தன்னாமுனையில் என் வீட்டுக்கு வந்து, மூன்று முறை அழித்து அழித்து, ‘வாவிக்கு மீன்பிடிக்கப் போன கணவன் திரும்பவில்லை. இவள் கண்கள் இன்னும் காத்திருக்கின்றன’ என்று எழுதிப் போட்டேன். எழுதி முடித்ததும் அதை எனக்கே இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

மறுநாள் அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘இது எங்கட ராத்தா. மச்சான் கட்டாரில உசிரோட இருக்கார். நீ ஆரு?’ (ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.)

ஃபோனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். (அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று.) என் மனைவி அதை வெளியே எடுத்து, படத்தை அழித்து, எழுதியவரிடமே விலாசம் கேட்டு, ஸ்கூட்டர் திறப்போடு வாசலில் நின்றாள்.

“ஏறுங்க. நேரில போய்த்தான் மன்னிப்புக் கேக்கணும்.”

அந்த ராத்தா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கண் கிளினிக்கில மருந்து விட்டு அனுப்பினாங்க தம்பி. வெயிலுக்குக் கண் திறக்க ஏலாம நின்டன். அந்த நேரம் பார்த்து நீங்க என்ட புருசனக் கொன்டுட்டீங்க.”

என் மனைவி சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தாள். ராத்தா சிரிக்கவில்லை.

“பக்கத்து ஊட்டாக்கள் வந்து மாமிக்கிட்ட, மகன் மௌத்தாமே எண்டு கேட்டுட்டாங்க. ஃபோனில அவர்ட முகத்தக் காட்டுறவரைக்கும் மாமி கத்தினது இன்னும் என்ட காதில கிடக்கு.”

உள்ளறை வாசலில் உட்கார்ந்திருந்த மாமியின் முன்னால் போய் நின்று, “மன்னிச்சிருங்கம்மா” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ மகன்” என்றார்.

தேத்தண்ணி ஆறும்வரை ராத்தா பேசினார். ஆறு வருடமாகக் கணவர் ஊருக்கு வரவில்லையாம். ராத்தாதான் துணி தைத்து, பிள்ளைகளைப் படிப்பித்து, மாமியையும் பார்த்திருக்கிறார். நான் கற்பனையில் எழுதியதைவிடப் பெரிய கதை அங்கே தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போனபோது கதவைத் திறந்தவர், “வாங்க தம்பி. நீங்க மௌத்தாக்கின ஆள் நான்தான்” என்றார். நான் ஒரு படி பின்னால் இறங்கினேன்.

“உம்மா அழுதத ஃபோனில பார்த்தன். பிறகு அங்க நிக்க மனம் வரல்ல. லீவு எடுத்துட்டு வந்துட்டன். எங்க எல்லாரையும் ஒரு படம் எடுங்க.”

எடுத்தேன். என் வாழ்க்கையில் அனுமதியோடு எடுத்த முதல் படம் அது. மாமி மகனின் கையை விடாததால் படம் கொஞ்சம் சரிந்துபோயிருக்கிறது.

ஒவ்வொரு பெருநாளுக்கும் அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு வட்டிலப்பம் வருகிறது. முதல் வருடம் கொண்டுவந்த ராத்தாவின் தம்பி, எங்கள் ஒழுங்கையில், “படமெடுத்து ஆளைக் கொல்றவர்ட வீடு எது?” என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிக்கிறார். ஒருவரும் வீடு மாறிக் காட்டுவதில்லை.